18 வளைவு தாண்டி ஒரு பேலன்ஸ் ஷீட்

பாண்டியன் எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லில் என்னை உதிர்த்துவிட்டுப் போனபோது இன்னும் விடியவில்லை. தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, கொசுவத்தி, அப்புறம் ஒரு பழுப்பு நிறக் கவர். கவருக்குள் என் ராஜினாமா கடிதம். தேதி மட்டும் பாக்கி.

வீட்டில் 'கட்டுரை எழுதப் போறேன்' என்று சொல்லியிருந்தேன். பொய்யில்லை. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

கிண்டியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் 11 வருஷம் அடுத்தவன் லாபத்தைக் கூட்டிக் கழித்து அலுத்துவிட்டது சார். இந்த நேரத்தில்தான் என் கல்லூரித் தோழன், பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தவன், சிறுமலையில் 4 ஏக்கர் வாங்கி, இயற்கை விவசாயம் பண்ணி, விருந்தாளிகளுக்கு இரண்டு காட்டேஜும் கட்டி, திங்கட்கிழமை காலை 9 மணிக்குச் சரியாக நான் சிக்னலில் நிற்கும்போது பனிமூட்டத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப ஆரம்பித்தான். போன மாதம் ஒரு வரியும் சேர்த்து அனுப்பினான்: 'பார்ட்னரா வர்றியா மச்சான்?' என் பி.எஃப். பணம் அப்போதே என் கனவில் மூன்றாவது காட்டேஜாக எழும்பிவிட்டது.

பெயரைப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். பேங்க் மேனேஜர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாராம். ஆகவே 'பண்ணையார்' என்று வைத்துக்கொள்வோம்.

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். 11-வது வளைவில் என் வயிறு விண்ணப்பம் போட்டது. பக்கத்து சீட் பாட்டி மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி, "மோந்துக்க தம்பி" என்றார். அந்த மலையில் நான் பெற்ற முதல் இயற்கை விளைபொருள் அதுதான். காசும் வாங்கவில்லை.

இறங்கி நடந்தால், எதிரே மூட்டை சுமந்து ஒரு குதிரை. வண்டி போகாத தோட்டங்களிலிருந்து எலுமிச்சை, வாழையெல்லாம் குதிரை முதுகில்தான் ரோட்டுக்கு வருகிறது. "ஒதுங்கிக்க தம்பி, அதுக்கு ஹாரன் கிடையாது" என்றார் குதிரைக்காரப் பெரியவர்.

பண்ணையார் கைலியோடு நின்றிருந்தான். தொப்பை போயிருந்தது. முடியும்தான். மண் சுவர், நாட்டு ஓடு, திண்ணை என்று காட்டேஜ் கண்ணுக்கு ஜோராக இருந்தது. அதில் ஒன்றில் தங்கியிருந்த சென்னைக் குடும்பஸ்தர் குறுக்கே வந்து, "ரூம்ல பூச்சி இருக்கு சார்" என்றார்.

"மருந்தடிக்காத தோட்டம் வேணும்னுதானே சார் வந்தீங்க? பூச்சிக்கும் அதேதான் வேணும்."

அவர் சிரிக்கவில்லை. நாலு ஸ்டார் கொடுக்கிற ஆசாமியாகத் தெரிந்தார்.

வந்த அரைமணியில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது, ஜீவாமிர்தம் கலக்குகிற வேலை. 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர். அதில் 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு என்றதும் ஏதோ பலகாரம் என்று நம்பிப் பக்கத்தில் போனேன். அடுத்து 10 கிலோ மாட்டுச் சாணம், 10 லிட்டர் கோமியம், வரப்பு மண் ஒரு பிடி! நிழலில் வைத்து, காலையும் மாலையும் கலக்கி, 2 நாள் கழித்துப் பாசனத் தண்ணீரோடு விடவேண்டும். ஓர் ஏக்கருக்கு ஒரு டிரம். இது உரமில்லையாம். மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்களைப் பெருக்குகிற சமாசாரமாம். என் சட்டையில் அவை இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன.

சாயங்காலம் வாழைத் தோட்டத்துக்குள் கூட்டிப் போனான். சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஒரு கன்றின் முன் நின்று பேச்சை நிறுத்திவிட்டான். உச்சியில் இலைகள் குட்டையாக, விறைப்பாக, கொத்தாக நெருங்கி நின்றன. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. சென்னைக்காரரின் மனைவி அதன் பக்கத்தில் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார்.

"முடிக்கொத்து நோய் மச்சான். அசுவினிப் பூச்சி பரப்புற வைரஸ். 1970-கள்ல இந்த மலைவாழையையே கிட்டத்தட்ட துடைச்சிட்டுப் போனது இதுதான். மருந்து கிடையாது. கிழங்கோட தோண்டி அழிக்கணும்."

எண்ணிப் பார்த்ததில் 9. இருட்டும்வரை இருவரும் தோண்டினோம். கடப்பாரை பிடித்த கை அடுத்த நாள் பேனா பிடிக்கவில்லை.

இரவு கரண்ட் போனது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு நீள நோட்டை என் முன் தள்ளினான். "நீதானே ஆடிட்டர் ஆபீசு. பார்த்துட்டு அப்புறம் பணத்தைப் பத்திப் பேசு."

போன வருஷ வரவு: காட்டேஜ் 4,10,000. விளைச்சல் 1,35,000. அவ்வளவுதானா என்றேன். மிளகுக்கொடி காய்ப்புக்கு வரவே 3, 4 வருஷமாகும். காபி, மிளகு மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு இயற்கைச் சான்றிதழ் வாங்க 3 வருஷம் மாறுதல் காலம். அந்தக் காலத்தில் செலவு இயற்கை விவசாயத்துக்கு, விற்கிற விலையோ சாதாரண மார்க்கெட் விலை. ஆக, விவசாயத்தைக் காட்டேஜ் தூக்கிச் சுமக்கிறது.

செலவு: கூலி 2,60,000. தீவனம், இடுபொருள் 70,000. விருந்தாளி சாப்பாடு, சலவை, கரண்ட் 1,45,000. கடன் தவணை 1,56,000. மொத்தம் 6,31,000.

ஆனால் கடைசி வரியில் 'லாபம் 10,000' என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தான்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பப் பார்த்தேன். வரவுப் பக்கத்தில் மாதாமாதம் 'ம - 8,000'. வருஷத்துக்கு 96,000.

"ம-ன்னா மிளகாடா?"

கொஞ்ச நேரம் மெழுகுவத்தியையே பார்த்தான். "மனைவி."

அவர் திண்டுக்கல்லில் ஒரு ஸ்கூலில் டீச்சர். குழந்தை படிப்புக்காகக் கீழே வாடகை வீடு. வெள்ளி சாயங்காலம் பஸ் ஏறி மேலே வந்து, சனி ஞாயிறு விருந்தாளிகளுக்குச் சமைத்துப் போட்டு, திங்கள் விடிகாலையில் இறங்குகிறார். சம்பளத்தில் 8,000 இங்கே வருகிறது. அதை எடுத்துவிட்டால் 86,000 ரூபாய் துண்டு விழுகிறது. பண்ணையாருக்குச் சம்பளம் என்று ஒரு வரி அந்த நோட்டிலேயே இல்லை.

"அவங்க போடுறது வரவு இல்லடா, முதல்" என்றேன். பி.காம். படித்ததற்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிரயோஜனம்.

காலையில் அடுப்படியில் காபி கொடுத்தபடி அவர் கேட்டார். "கணக்கு பார்த்தீங்களாமே அண்ணா? போன வருஷம் லாபம்னு சொன்னார். அதான், வேலையை விட்டுட்டு நானும் மேலயே வந்திடலாமான்னு யோசிக்கிறேன். லாபம்தானே?"

காபி தொண்டையில் நின்றது. என் கவர் பைக்குள் நெளிகிற மாதிரி இருந்தது. "அவனையே கேளும்மா" என்று நழுவினேன். நேரே மாட்டுக்கொட்டகைக்குப் போய், "இன்னிக்கு பஸ்ஸுக்குள்ள நீ சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லுவேன்" என்றேன். சாணிக் கூடையை வைத்துவிட்டுப் போனான்.

எலுமிச்சை மரத்தடியில் இருவரும் பேசியது எனக்குக் கேட்கவில்லை. கால்மணி நேரம் டிரம்மை மட்டும் கலக்கிக்கொண்டிருந்தேன். அந்த வேளைக்குத் தேவையில்லாத கலக்கல்.

அவர் வந்தார். கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றே வைத்துக்கொள்வோம். "பணம் போடுறவளுக்கு இது தெரியாதா அண்ணா? ஒரு தடவையாவது இவர் வாயால வரட்டும்னுதான் கேட்டேன். புதுசா எழுதிக் கொடுங்க. என் பணத்தைக் கடன்னு எழுதுங்க. வட்டியும் போடுங்க."

தாள் தேடினேன், கிடைக்கவில்லை. பையிலிருந்த கவரின் முதுகிலேயே எழுதினேன். மனைவிக்குத் தரவேண்டியது, பண்ணையார் சம்பளம், 9 வாழைக்குப் பதில் கன்று என்று ஒவ்வொன்றாக. என் பி.எஃப். பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கவரை வாங்கி அரிசி டப்பா மேல் வைத்தார்.

மத்தியானப் பஸ்ஸில் ஏழாவது வளைவு இறங்கும்போதுதான் உறைத்தது. கடிதம்! அலறியடித்து போன் போட்டேன்.

"பத்திரமா இருக்கு அண்ணா" என்றார். "நீங்கதான் தேதி போடலையே?"