தம்மம்பட்டியில் செர்ரி காய்க்குமா?

ஆத்தூரிலிருந்து பேருந்தில் தெற்கே வந்தால் ஒருபுறம் கொல்லிமலை, மறுபுறம் பச்சைமலை. நடுவே சுவேத நதிக்கரையில் தம்மம்பட்டி. மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். பட்டறைகளைத் தாண்டினால் தென்னை, பாக்கு, மரவள்ளி. மார்கழிப் பனியில் மலை மறைந்து நிற்கும்போது, வீட்டுத் தோட்டத்தில் குள்ள ரக இனிப்புச் செர்ரி வைத்தால் என்ன என்ற ஆசை யாருக்கும் வரும்.

செடி பிழைக்கலாம், காய்க்காது. காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் விளையும் அந்த மரத்தின் பெரும்பாலான ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 1,000 மணி நேரக் குளிர் வேண்டும். இல்லையேல் மொட்டு சரியாக விழிக்காது. குள்ளத்தன்மை ஒட்டுக் கட்டிய வேர்ச்செடி தருவது. அது மரத்தின் உயரத்தைக் குறைக்குமே தவிர குளிர்த் தேவையைப் போக்காது. கொல்லிமலை மேலே வைத்தாலும் இதே கதைதான்.

சமவெளிக்கு ஏற்றது பார்படோஸ் செர்ரி. நாற்றுப் பண்ணையில் வெறும் ‘செர்ரி’ என்று சொல்லி விற்றால், தாய்ச்செடியின் பழத்தைப் பிளந்து பாருங்கள். உள்ளே மூன்று விதை இருந்தால் வாங்கலாம். பதியன் செடியே நல்லது. நல்ல வெயில், 2 அடிக் குழி, மட்கிய தொழு உரம், தண்ணீர் தேங்காத இடம் போதும். இரண்டு, மூன்று ஆண்டில் காய்க்கும். கவாத்து செய்தால் ஆள் உயரத்திலேயே நிற்கும். புளிப்புதான், ஆனால் 100 கிராம் பழத்தில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. பறித்தால் இரண்டு, மூன்று நாள்கூடத் தாங்காது, சந்தையை நம்பி வைக்க வேண்டாம்.

பேக்கரி கேக்கின் மேல் இருக்கும் சிவப்புச் ‘செர்ரி’ பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய். அதை வேலியிலேயே வளர்க்கலாம். முள் இருப்பதால் ஆடும் நுழையாது.