குளிருக்குப் போக ஒரு கொப்பி

கனமூலையில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் குளிர் என்பது ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பொருள். களப்புப் பக்கமிருந்து உப்புக் காற்று வீசும். தென்னந்தோட்டத்து நிழலில் நின்றாலும் வியர்க்கும். டிசம்பர் மாத அதிகாலையில் உம்மும்மா முக்காட்டை இறுக்கிக்கொண்டு, "இன்டைக்கு நல்ல கூதல்" என்பார். அப்போதும் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

வாப்பா பல வருடங்களாக டுபாயில் வாகனம் ஓட்டுகிறார். அங்கே ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் 2005ஆம் ஆண்டு பனிச்சறுக்கு மலை ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். வெளியே 45 பாகை வெயில் எரிக்க, உள்ளே பூச்சியத்துக்குக் கீழே குளிரூட்டி, செயற்கைப் பனியைக் கொட்டி, 400 மீற்றர் நீளமான சரிவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். வளாகத்தில் நடந்து போகிறவர்கள் அதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். வாப்பாவும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். உள்ளே போகக் கொடுக்கும் காசில் எங்கள் மூவருக்கும் பாடசாலைச் சப்பாத்து வாங்கிவிடலாம் என்று கணக்குப் பார்ப்பாராம். 2018 நவம்பர் கடைசியில் விடுமுறைக்கு வந்தவர், இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டில் சொன்னார்: "கூதலக் கண்ணாடிக்கு வெளியில நின்டு பார்த்தது போதும். இந்த முறை எல்லாரும் மலைநாட்டுக்குப் போவோம்."

தம்பி உடனே காஷ்மீருக்குப் போவோம் என்றான். குல்மார்க்கில் கம்பிவடப் பெட்டியில் ஏறினால் ஏறக்குறைய 4000 மீற்றர் உயரம் வரை போய் உண்மையான பனியில் சறுக்கலாம் என்று எங்கோ பார்த்திருக்கிறான். பத்துப் பேருக்கு விமான டிக்கெட் என்றதும் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. சாச்சாவிடம் டொல்பின் வேன் இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன், லீவில் சும்மா நிற்கும். ஆகவே நுவரெலியா.

எனக்கு அப்போது சாதாரண தரப் பரீட்சை. படிக்க வேண்டிய நேரத்தில் பயணத் திட்டம் போடுகிறாள் என்று உம்மா திட்டாத நாளில்லை. ஆனால் ஒரு புதுக் கொப்பியை எடுத்து, நானா சொன்னதையெல்லாம் முதலில் எழுதினேன். நானாவின் திட்டம் இதுதான்: கண்டி ஓர் இரவு, நுவரெலியா ஓர் இரவு, ஹப்புத்தளை ஓர் இரவு, எல்ல ஓர் இரவு, பதுளை ஓர் இரவு. எல்லா இடத்தையும் பார்த்துவிட வேண்டுமாம். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பத்துப் பேர் ஒவ்வொரு காலையும் எழுந்து, தொழுது, குளித்து, துணியை அடுக்கி, நான்கு பிள்ளைகளின் சப்பாத்தைத் தேடி வேனில் ஏற இரண்டு மணித்தியாலம் வேண்டும். ஐந்து காலைகளில் பத்து மணித்தியாலம் பைக்கட்டுக்கே போய்விடும்.

பனிச்சறுக்குக்குப் போகிற வெள்ளைக்காரக் குடும்பங்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று வாப்பாவின் போனில் தேடிப் பார்த்தேன். பிரான்சின் அல்ப்ஸ் மலையில் 'மூன்று பள்ளத்தாக்குகள்' என்றொரு இடம். ஏறக்குறைய 600 கிலோமீற்றர் சறுக்குப் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து, ஒரே அனுமதிச் சீட்டில் எல்லாவற்றுக்கும் போய்வர வைத்திருக்கிறார்கள். ஒரு கிராமத்தில் வாரம் முழுவதும் தங்கிக்கொண்டு பகலில் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய், மாலையில் அதே அறைக்கு வந்துவிடலாம். நுவரெலியாவில் இரண்டு இரவும் பண்டாரவளையில் ஓர் இரவும் போதும் என்ற யோசனை எனக்கு அங்கிருந்துதான் வந்தது. பண்டாரவளையில் தங்கினால் ஹப்புத்தளையும் எல்லவும் கிட்டத்தான். கண்டிக்குப் பதிலாகக் கம்பளை. அங்கே வாப்பாவோடு வேலை செய்த ஒருவரின் வீடு இருந்தது. அறைக்காசு மிச்சம். திரும்பும்போது நீர்கொழும்பில் மாமி வீடு.

இதெல்லாம் சரியாக வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் உம்மும்மா, "நான் எதுக்கு மகள் அங்க? நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

முழங்கால் வலி, இழுப்பு, வயது என்று காரணங்கள் சொன்னார். அவர் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று உம்மா சொல்லிவிட்டார். உம்மா இல்லாமல் வாப்பா போகமாட்டார். ஒரே இரவில் வேன் காலியாகிவிட்டது. நானா மட்டும் கோபத்தில் கொப்பியைத் தூக்கி மேசைக்குக் கீழே போட்டான்.

இழுப்புக்கு மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் உம்மாவும் நானும் போய்க் கேட்டோம். போகலாம் என்றார். குளிர்ந்த காற்று நேரே மூச்சில் படக்கூடாது, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும், விடிகாலையில் வெளியே போகக்கூடாது, இழுக்கும் மருந்து வேனின் பின்பக்கத்துப் பைக்குள் இல்லாமல் அவருடைய கைப்பைக்குள்ளேயே இருக்க வேண்டும். இவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சொன்னபோது உம்மும்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எப்ப திரும்பி வாற?" என்றுதான் கேட்டார். அன்று மட்டும் மூன்று தடவை கேட்டார்.

இரவு உம்மாதான் விளக்கிச் சொன்னார். உம்மும்மாவின் ஊர் மன்னார் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அந்த ஊர் மக்கள் வள்ளங்களில் ஏறிக் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்தார்கள். அப்போது உம்மாவுக்குப் பதினொரு வயது. இரவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாராம். வளைவுப் பாதையில் தம்பி வாந்தி எடுத்தால் நாங்கள் சிரிப்போம், உம்மா ஒருநாளும் சிரித்ததில்லை. ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. சில நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு கைக்குக் கிடைத்ததை மட்டும் எடுத்து வந்திருக்கிறார்கள். பிறகு கிடுகுக் குடிசை, பிறகு கனமூலையில் ஒரு துண்டுக் காணி, பிறகு நாங்கள். "குடும்பமா வீட்டப் பூட்டிட்டுப் போன ஒரே பயணம் அதுதான் மகள். உம்மாக்குக் கூதல் பயமில்ல" என்றார் உம்மா.

நான் கொப்பியில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, பெரிய எழுத்தில் எழுதினேன்: திரும்பி வருவது டிசம்பர் 23, ஞாயிறு, மஃரிபுக்கு முன். நத்தாருக்கு நுவரெலியாவில் அறை விலை ஏறிவிடும் என்பதால் அந்தத் திகதி வாப்பாவுக்கும் பிடித்திருந்தது. புறப்படுவது 17, திங்கள். இடையில் ஆறு இரவு. ஐந்து இரவுக்கு இடம் எழுதி, ஒன்றை வெறுமையாக விட்டேன். மழை வந்தாலோ யாருக்காவது சுகமில்லாமல் போனாலோ பயன்படும், எதுவும் வராவிட்டால் நீர்கொழும்புக் கடற்கரை. வெறும் நாளுக்கு எதற்கு ஒரு பக்கம் என்று நானா கேலி செய்தான். உம்மும்மா அந்தத் திகதியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப கோழிகளுக்கு ஏழு நாளுக்குத் தீன் வைக்கோணும்" என்றார். வருகிறார் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு மற்ற முடிவுகள் தானாகவே விழுந்தன. உம்மும்மாவின் முழங்காலுக்காக ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் வேன் நிற்க வேண்டும். அப்படிப் பார்த்தால் புத்தளம், நிக்கவெரட்டிய, குருநாகல், பேராதனை என்று நிறுத்தங்கள் வந்தன. நிறுத்துமிடத்தில் பெண்கள் தொழவும் வசதி வேண்டும், சுத்தமான கழிவறையும் வேண்டும். ஆண்கள் போடும் பயணத் திட்டங்களில் இந்த வரி இருப்பதில்லை. லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழலாம் என்பது பயணிக்குக் கிடைத்த எவ்வளவு பெரிய சலுகை என்று, பிள்ளைகளோடு ஒரு நீண்ட பாதையில் போனவருக்குத்தான் தெரியும்.

குளிரைப் பற்றி எனக்குப் புவியியல் பாடம் உதவியது. ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். நுவரெலியா 1868 மீற்றர். ஆகவே எங்கள் ஊரைவிட 12 பாகை குறைவு. இங்கே பகலில் 30 என்றால் அங்கே 18, இரவில் 10 அளவு. உறைபனி பார்க்கலாமா என்று வாப்பா கேட்டார். ஜனவரி, பெப்ரவரியில் மேகமில்லாத இரவுகளில் நிலத்தின் சூடு வானத்துக்குப் போய்விடும்போது அங்கே புல் வெள்ளையாகும், தேயிலைக் கொழுந்து கருகும். டிசம்பரில் மேகம் போர்வையாக இருப்பதால் வாய்ப்புக் குறைவு. வாப்பாவின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் லீவு டிசம்பரில்தானே.

டிசம்பரின் உண்மையான கவலை மழைதான். வடகீழ்ப் பருவமழை மலைநாட்டின் கிழக்குச் சரிவில் கொட்டும் காலம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயன் வீடுகள் புதைந்தது எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. பண்டாரவளையிலிருந்து இறங்கும் பாதை அந்தப் பக்கத்திலிருந்து அதிக தூரமில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்ட வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருப்பது, செம்மஞ்சள் என்றால் அந்தப் பக்கமே போவதில்லை என்று நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். இரவில் மலைப்பாதையில் ஓட்டுவதில்லை என்பது சாச்சாவின் சட்டம். இறக்கத்தில் பிறேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும், ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று எங்களுக்கும் பாடம் எடுத்தார்.

உடுப்பு விடயத்தில் சாச்சி சொன்னதுதான் சரி. தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று. குளிர்ச் சட்டையை இங்கே தேடி அலையாமல் நுவரெலியா பேல் பஸாரில் வாங்கலாம். பெண்களுக்குத் தொப்பிச் செலவு இல்லை, ஹிஜாப் காதை மூடிவிடும். ஆண்கள்தான் பாவம்.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தம்பி கலகெதரை ஏற்றத்தில் ஒரு தடவை, இறம்பொடையில் ஒரு தடவை வாந்தி எடுத்தான். உம்மா பையைப் பிடித்துக்கொண்டிருந்தார், யாரும் சிரிக்கவில்லை. கருவாட்டுச் சம்பல் பார்சலை வேனுக்குள் திறந்த சாச்சியை நாங்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

புதன்கிழமை விடியுமுன் வாப்பா, சாச்சா, நானா, நான் நால்வரும் ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். உலக முடிவைச் சுற்றி வரும் நடை 9 கிலோமீற்றர் அளவு. காலை பத்து மணிக்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி மறைத்துவிடும் என்பதால் முந்த வேண்டும். வாசலில் பொலித்தீன் எல்லாவற்றையும் பிரித்து வாங்கிக்கொண்டார்கள், நல்ல வேலை. புல் நுனியெல்லாம் வெள்ளையாக இருந்தது. வாப்பா குனிந்து உள்ளங்கையை வைத்தார். பனித்துளிதான், உறைந்திருக்கவில்லை. ஆனாலும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அந்த நேரத்தில் உம்மும்மா, வைத்தியர் சொன்னபடி அறையின் யன்னலுக்கு உட்பக்கம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாராம். நாங்கள் வந்ததும், "கூதல் நல்லாத்தான் இரிக்கி" என்றார்.

அன்றிரவு தொடங்கிய மழை வியாழன் முழுக்க விடவில்லை. வெறுமையாக விட்ட நாளை எடுத்துக்கொண்டோம். நானா ஒன்றும் பேசாமல் கரம் விளையாடினான். வெள்ளிக்கிழமை வானம் வெளித்தது. ஹக்கல தாவரவியற் பூங்காவைப் பார்த்து, ஜும்ஆவை வெலிமடையில் முடித்துப் பண்டாரவளை போனோம். மலேரியாவுக்குக் கொயினா மருந்து எடுக்கும் சிங்கோனா மரம் வளர்ப்பதற்காக 1861இல் தொடங்கிய தோட்டம் அது. எல்லவில் 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்துக்கு இறங்கும் பாதை உம்மும்மாவின் காலுக்கு ஆகாது. அவரும் உம்மாவும் மேலே ஒரு கடையில் அமர்ந்து ரயில் வரும் சத்தத்தைக் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதுரங்குளிச் சந்தியில் திரும்பும்போது மஃரிபுக்கு அரைமணித்தியாலம் இருந்தது. உம்மும்மா முதலில் கோழிக்கூட்டைத்தான் பார்க்கப் போனார்.

இந்த வருடம் பக்கத்து வீட்டு ராத்தா குடும்பம் போகிறது. கொப்பியைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அவருக்கு ஒன்பது மாதக் குழந்தை. நுவரெலியாவில் மூன்று இரவு தங்குங்கள், இறம்பொடை ஏற்றத்துக்கு முன் பால் கொடுக்காதீர்கள் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.