பீன்யாவில் ஒரு பாட்டரிக் கணக்கு

பெங்களூரின் வடமேற்கே, துமகூரு சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் பீன்யாவைக் காண மெட்ரோ ரயிலிற் செல்வதே நலம். அப்பாதை 2014 மார்ச்சு முதல் நாளன்று திறக்கப்பெற்றது. உயரத்தே ஓடும் வண்டியிலிருந்து நோக்கினால் தொழிற்கூடங்களின் கூரைகள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. இறங்கி நடந்தால் கடைசல் எந்திரங்களின் ஓசை நம்மை எதிர்கொள்ளுகின்றது. கன்னடத்தோடு தமிழும் செவியில் விழுகின்றது. பிழைப்பு நாடிப் புறப்பட்ட நம்மவர்க்கு இவ்விடம் புதிதன்று.

இப்பேட்டையிலேதான் இஸ்ரோவின் 'இஸ்ட்ராக்' நிலையமும் உள்ளது. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மங்கள்யானை இங்கிருந்தே இயக்கினர். ஆறு திங்களுக்கென அமைத்த அக்கலம் எட்டாண்டுக் காலத்தை நெருங்கியது. 2022 ஏப்ரலில் நேர்ந்த நீண்ட கிரகணத்தால் அதன் தொடர்பு அறுந்தது. விண்ணிற் செல்லும் கலத்துக்குப் புதிய பாட்டரி பொருத்துவார் இல்லை. மண்ணில் ஓடும் மின்சாரக் காருக்கோ பொருத்தலாம். ஆனால் பொருத்தத்தான் வேண்டுமா? பழைய மின்சாரக் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்று எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி இதுவே.

பெங்களூருக்கு இது பழைய கேள்வி. 2001-இல் இந்நகரில் பிறந்த ரேவா கார் எட்டு ஈய-அமில பாட்டரிகளால் ஓடியது. சில ஆண்டுகட்கு ஒருமுறை அவற்றை மாற்றுவது வழக்கமாயிருந்தது. 2013-இல் வந்த மஹிந்திரா இ2ஓ லிதியம்-அயனி பாட்டரி தாங்கியது. இவ்விரண்டின் உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆகவே உரியவர்கள் தாமே கணக்குப் பார்க்க வேண்டியவராகின்றனர்.

முதற் கணக்கு, தூரம். புதிதில் 100 கிலோமீட்டர் ஓடிய வண்டி இன்று 65 கிலோமீட்டர் ஓடுகிறதென்று கொள்வோம். நாள்தோறும் வேலைக்குப் போய்வர 30 கிலோமீட்டர் போதுமாயின், மாற்றுவதற்கு அவசரம் ஏது? தேவை 60 கிலோமீட்டராயின் கதை வேறு.

இரண்டாவது, நோய் எது என்பது. பாட்டரிக்குள் பல மின்கலங்கள் தொடராக இணைந்துள்ளன. ஒரே நுகத்திற் பூட்டிய மாடுகளுள் ஒன்று சோர்ந்தால் மற்றதும் அதன் நடைக்கே நடக்கும். பழுது ஒரு பகுதியில் மட்டுமாயின் அதனை மாற்றுவதே போதுமானதாகலாம். தேர்ந்தவரைக் கொண்டு ஒவ்வொரு பகுதியையும் அளந்தறிந்த பின்னரே முடிவு செய்க. மூடியை நாமே திறத்தல் உயிருக்கு ஆபத்து.

மூன்றாவது, காப்புறுதி. அண்மைக்கால வண்டிகள் பலவற்றிற்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை பாட்டரிக் காப்புறுதி உண்டு. அத்தாளைப் பாராமல் பணம் கொடுத்தல் வீண்.

நான்காவது, வண்டியின் உடல். அடித்தட்டு துருவேறி, உதிரிப் பொருள் கிடைக்காத வண்டிக்குப் புதிய பாட்டரி வாங்குவது, இடியும் வீட்டுக்குப் பொற்கதவு அமைப்பது போன்றது. பிள்ளைகளின் படிப்புக்கெனச் சேர்த்த பணத்தை அதிற் கொட்டலாகாது.

மாற்றியே தீரவேண்டுமாயின் பழையதை முறையாக ஒப்படைத்தல் நம் கடமை. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்துள்ளன. காருக்கு உதவாத பாட்டரியிலும் சூரிய மின்சாரத்தைச் சேமிக்குமளவு ஆற்றல் எஞ்சியிருக்கக்கூடும்.

பொருளின் பயனை அளந்து செலவிடுதல் நம் இல்லங்களின் பண்பு. அளந்த பின் மாற்றினாலும் நன்று. மாற்றாது விடினும் நன்று.