வில்லுக்கு ஒரு வரம்பு

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டினைக் காரைதீவில் மாணவர் சிலர் ஆடக் கண்டேன். ஒவ்வொருவரும் ஒரு வீரனாகிக் கதை நடத்துவர். வெற்றியைப் பகடை தீர்க்கும். நெடுவில் ஏந்தியவன் 150 அடித் தொலைவிலிருந்தே பகைவரை வீழ்த்த, வாளேந்திய சிறுவன் வாளாவிருந்தான். பகைவன் ஐந்தடிக்குள் அணுகினால் எய்பவன் இரு பகடை உருட்டிச் சிறியதையே கொள்ளவேண்டும் என்பது நூல்விதி, அது போதவில்லை. எனவே, எய்த அம்பை எண்ணுவதென்றும், குறி தவறியது தோழன்மேற் படலாமென்றும் தமக்குள் வீட்டுவிதி வகுத்தனர், முன்மொழிந்தவன் வில்லாளனே!

புறநானூற்றின் 9ஆம் பாட்டில், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன் ஆவும் பெண்டிரும் பிணியாளரும் அரண் சேருமாறு அறிவிப்பான். எட்ட நின்று கொல்லும் படைக்கு அதனை உடையோனே வரம்பு கட்டுதல் நம் முன்னோர் போற்றிய அறம். விளையாட்டில் அதனைப் பயின்றோர் வாழ்விலும் மறவார்.