ஊசிமுனை நிலம்

பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் எழுதப்படாத சட்டம். எழுதப்பட்ட சட்டம் வேறு. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையையே வரம்பாக வைக்கிறது. கூடவே, இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் சரி என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. வேலையில் சேரும் நாள் நெருங்கும்போது ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வது?

குரோம்பேட்டை ரயில் பாதைக்குக் கிழக்கே, அஸ்தினாபுரத்தில் எனக்கு அமைந்த வீட்டுக்கு வாடகை பன்னிரண்டாயிரம்; முன்பணம் ஒரு லட்சத்து இருபதாயிரம். அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி திருநெல்வேலியில் அடகுக்குப் போயிற்று. ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்ற துரியோதனனின் ஊர்ப்பெயரல்லவா! (அவன் முன்பணம் கேட்டதாக வியாசர் எழுதவில்லை.) வீட்டுக்காரரிடம் இருக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது, காலி செய்கையில் வெள்ளையடிக்கவென்று ஒரு மாத வாடகையும் கழியும். சங்கிலிக்கோ மாதந்தோறும் வட்டி ஏறுகிறது. வாடகை பன்னிரண்டாயிரம் என்று நான் சொல்கிறேன். அம்மா அந்த வட்டியையும் சேர்த்தே சொல்கிறாள்.