அந்தக் கை பத்திரம்

திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சந்தனம் பூசிய தலைகள் நாளெல்லாம் மலையிறங்கி வருகிற ஊர். "கீமோவுல முடி கொட்டினவளுக்கு இதைவிடத் தோதான ஊர் உண்டா?" என்று சிரித்தார் அடிவாரத் தெருவில் நான் பார்க்கப் போன அக்கா. சென்னையில் ஒரு பக்க மார்பகத்தை எடுத்துவிட்டு, புண்ணில் ஊறும் நீரைப் பாட்டிலில் வடிக்கும் டிரெயின் குழாயோடு வீடு திரும்பியிருந்தார். 80 கிலோமீட்டருக்கு மேல். குழாயைக் காட்ட மட்டும் மின்சார ரயிலில் இடிபட்டுப் போய்வர முடியுமா? அதனால் ஆஸ்பத்திரி சிஸ்டர் வீடியோ போனில் வருகிறார்.

"பாட்டிலைக் கண்ணுக்கு நேரா பிடிம்மா." மகள் பிடித்தாள். 40 மில்லி, முந்தின நாள் 60. நோட்டில் குறித்துக்கொண்டாள். ஒரு நாளில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் பொதுவாகக் குழாயை எடுத்துவிடுவார்கள். தையலோரம் சிவந்திருக்கிறதா என்பது கேமராவில் பிடிபடவில்லை. டியூப்லைட்டைப் போடச் சொன்னார். அப்போதும் சந்தேகம். "புறங்கையை வெச்சுப் பாரு, சுடுதா?" போனில் சிஸ்டரின் கண்தான் வரும், கை வராது; தொட்டுப் பார்ப்பது மகளின் கைதான்.

அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்திருப்பதால் அந்தப் பக்கத்துக் கை நீர் கோத்து வீங்கலாம். சில வருஷம் கழித்துக்கூட. ஊசியும் பிபி பட்டையும் மற்றக் கையில்தான். கைப் பயிற்சிக்காகக் காலண்டர் பக்கத்தில், சுவரில் தோள் உயரத்துக்கு ஒரு பென்சில் கோடு. விரல்களைச் சுவரில் மெல்ல ஏற்றிக் கோடு வரை போகலாம்; குழாய் இருக்கும்வரை அதற்கு மேல் கூடாது.

திருத்தணி 1960இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு வந்து சேர்ந்த ஊர். அக்காவின் மாமியாருக்குத் தெலுங்குதான் சரளம். அவர் கேட்டதற்கெல்லாம் சிஸ்டர் அரைகுறைத் தெலுங்கிலேயே பதில் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

அக்கா மட்டும் "வேற ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றார். போன் மகனுடையது, அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான். சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. "தம்பி, கொஞ்சம் வெளிய இருப்பா." அவன் நகர்ந்ததும் அக்கா குரலைத் தாழ்த்தினார்: "ரவிக்கைக்குள்ள என்ன வெக்கிறது?" புண் ஆறும்வரை தளர்வான காட்டன் போதும், அப்புறம் மெத்தென்ற பஞ்சுப் பேடு வைக்கலாம் என்றார் சிஸ்டர். இன்னும் இரண்டு கேள்விகள் வந்தன. அவற்றை நான் எழுதப்போவதில்லை.

தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிபி மாத்திரைகளும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அப்படி வருகிறவர்கள் மகளின் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதற்கு முன், அட்மிஷன் போடும்போதே ஆண்பிள்ளையின் நம்பரோடு நிறுத்திக்கொள்ளாமல் நோயாளிக்குத் தோதான நம்பரையும் கேட்க வேண்டும்.

அழைப்பை முடிக்கும் முன் சிஸ்டர் மகளின் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.