ஒளித்து வைத்தலும் தேடி எடுத்தலும்

மனிதன் ஒரு பொருளை ஒளித்து வைப்பதற்குப் பொதுவாக இரண்டு காரணங்களே உண்டு. ஒன்று, அது பிறர் கைக்குப் போய்விடக்கூடாது என்னும் அச்சம். மற்றையது, தகாத ஒன்றைத் தான் வைத்திருப்பது வெளிப்பட்டுவிடக்கூடாது என்னும் நாணம். பிறர் கண்டெடுக்க வேண்டும் என்பதற்காகவே ஒன்றை ஒளித்து வைப்பதும், ஒளித்த இடத்தை உலகறியச் சொல்லிவிடுவதும் இவ்விரண்டினுள் அடங்கா. அத்தகைய விளையாட்டொன்று உலகின் பல நாடுகளிலும் கால் நூற்றாண்டாக நடைபெற்று வருகின்றது என்பதைச் சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையிலேதான் நான் அறிந்தேன். ஆங்கிலத்தில் ஜியோகாஷிங் எனப்படும் அவ்விளையாட்டை, வேறு சொல் கிடைக்கும்வரை, ‘மறைபேழை தேடல்’ என்று நான் அழைத்துவருகின்றேன்.

ரொறன்ரோவில் வாழும் என் பெரியப்பாவின் மகன் இலங்கை வந்திருந்தபோது, பிலிமத்தலாவையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையிலே இரண்டு கிழமைகள் தங்கினார். வந்த மறுநாட் காலையே தமது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, “தம்பி, இஞ்சை கிட்டடியிலை ஒண்டு இருக்கு, வா தேடிப்பாப்பம்” என்றார். படத்திலே, நான் நாள்தோறும் பஸ்ஸுக்கு நடந்துபோகும் வழிக்கு அண்மையில், ஒரு சிறு குறி தெரிந்தது. மூன்றாண்டுகளாக நடந்த வழி. அங்கே எவரோ ஒருவர் எனக்காக எதையோ வைத்திருக்கிறார் என்பதை நம்புவதற்கு மனம் இடங்கொடுக்கவில்லை.

விளையாட்டின் வரலாறு சுவையானது. அமெரிக்கச் செய்மதிகள் வழங்கிய இடங்காட்டும் சமிக்ஞைகளிலே, பொதுமக்களின் பயன்பாட்டைப் பொறுத்தமட்டில், அந்நாட்டு அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தியிருந்தது. அதனால் ஒருவர் தாம் நிற்கும் இடத்தை ஏறத்தாழ 100 மீற்றர் பிசகுடனேயே அறிய முடிந்தது. ஜனாதிபதி பில் கிளின்டன் இட்ட கட்டளைப்படி 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. மே 3 ஆம் நாள், ஒறிகன் மாநிலத்தில் பீவர்கிறீக் என்னும் ஊருக்கு அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரத்தில் வைத்து, அதன் அகலாங்கு நெட்டாங்குகளைப் பிறருக்கு அறிவித்தார். வாளிக்குள்ளே புத்தகங்களும் ஒரு கவணும் தகரத்தில் அடைத்த அவரையும் வேறு சில பொருள்களும் இருந்தனவாம். சில நாள்களுக்குள் மைக் ரீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. இங்கிலாந்தின் தாட்மூர் மேட்டுநிலத்திலே, 1854 இல் ஜேம்ஸ் பெறற் என்னும் வழிகாட்டி, எளிதில் செல்ல முடியாத ஒரு குட்டையருகே போத்தலொன்றை வைத்து, அங்கு வந்துசேர்வோர் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டுச் செல்ல வழி செய்தார். செய்மதிகள் புதியன, ‘நானும் இங்கு வந்தேன்’ என்று எழுதிவைக்கும் ஆசை பழையது.

தேடுவதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. முன்னர் இதற்கெனக் கையடக்க இடங்காட்டிகளை வாங்குவர். இன்று கைத்தொலைபேசியே போதும். ஆள்கூறுகள் பாகைகளாகவும், மூன்று தசமதானங்களுக்குக் கணித்த கலைகளாகவும் தரப்படும். அகலாங்கில் ஒரு கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு நிலத்திலே ஏறத்தாழ 1.8 மீற்றர் ஆகும். ஆகவே கடைசி இலக்கம் பிழைத்தால் ஓர் எட்டுத்தான் பிசகும். முதல் இலக்கம் பிழைத்தால் பக்கத்து ஊருக்கே போய்விடுவோம். புவியியல் பயிலும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: நம் நாட்டு நில அளவைப் படங்களின் ஆள்கூற்று வலை பீதுருதாலகால மலையைத் தொடக்கமாகக் கொண்டது. இவ்விளையாட்டு 1984 இன் உலகப் புவிக்கணிப்பு முறைமையைத் தழுவியது. ஒன்றை மற்றதாக மாற்றாமல் எடுத்தாளுதல் கூடாது. மேலும், செங்குத்தான சரிவுகளிலும் அடர்ந்த மரநிழலிலும் சமிக்ஞை தடுமாறும். கருவி நம்மை அருகே கொண்டுபோய் விடும். அதன்பின் கண்ணே கருவி.

தொலைபேசியோடு ஒரு பேனா, உதிரித் தாள், சிறு போத்தலிலிருந்து சுருளை உருவ ஓர் இடுக்கி, கைவிளக்கு, கையுறை ஆகியனவும் வேண்டும். கண்டிப் பகுதியின் ஈரத்துக்கு ஒரு குடையும், அட்டைக்கு உப்பும், கல்லிடுக்கில் கையை விடுமுன் தட்டிப் பார்க்க ஒரு தடியும் இன்றியமையாதன. குழிவிரியன் விரும்பும் இடங்களும் மறைபேழைக்கு உகந்த இடங்களும் பெரும்பாலும் ஒன்றேயாம்.

அன்று நாங்கள் குறியிட்ட இடத்தை அடைந்தபோது, சரிவின் ஓரத்தில் ஒரு பழைய மரமும், அதன் வேர்களுக்கிடையே கற்களும் இருந்தன. அண்ணா ஒரு கல்லை நகர்த்தினார். உள்ளே பச்சை நிறப் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று தெரிந்தது. “எடு தம்பி” என்றார். என் கை எழவில்லை.

இதை வாசிப்போருட் பலருக்கு இது வியப்பாயிருக்கலாம். நான் கிளிநொச்சியில் வளர்ந்தவன். மீள்குடியேறிய பின்னர் நான் சேர்ந்த பள்ளியில், எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுமுன்பே, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையை வாசிக்கப் பழகினோம். வழியிற் கிடக்கும் இரும்பையோ பெட்டியையோ போத்தலையோ தொடாதே, எடுக்காதே, பெரியவர்களிடம் சொல் என்பது எங்கள் அரிச்சுவடி. பற்றைக்குள் ஒளிந்திருக்கும் பெட்டி ஒன்று விளையாட்டுப் பொருளாக இருத்தல் கூடும் என்பதை என் அறிவு ஏற்றுக்கொண்ட பின்னரும், கை ஏற்றுக்கொள்ளச் சிறிது நேரம் எடுத்தது. ஈற்றில் அண்ணாவே அதை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு சிறு குறிப்பேடு, இரண்டு பாசிமணிகள், ஏதோ ஒரு நாட்டு நாணயம், ஒரு பென்சில். குறிப்பேட்டில் ஜேர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் பெயர்கள் இருந்தன. நான் தேதியிட்டுத் தமிழில் என் பெயரை எழுதினேன். அந்த ஏட்டிலே அதுதான் முதலாவது தமிழ்க் கையெழுத்து.

எழுதிக்கொண்டிருந்தபோதே பின்னால் ஒரு குரல் கேட்டது. கத்தியுடன் வேலிக்கு மரம் வெட்ட வந்த முதியவர் ஒருவர், நாங்கள் புதையல் தோண்டுகிறோமா என்று சிங்களத்தில் வினவினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பழைய விகாரைகளையும் பாறைகளையும் புதையலாசையால் உடைத்தழிப்போர் இந்நாட்டில் இன்றும் உளர். அதற்கும் மேலாக, 2019 ஏப்பிரல் 21 இன் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், கேட்பாரற்ற பொதி எவரையும் திடுக்கிடச் செய்யும். அறிமுகமில்லாத இரண்டு இளைஞர்கள், வேறு மொழி பேசிக்கொண்டு, மரவேரில் குந்தியிருந்து பெட்டி ஒன்றைத் திறக்கிறார்கள் என்றால் அவர் வேறு என்னதான் நினைப்பார்? எனது சிங்களம் பஸ்ஸில் இடம் கேட்பதற்குப் போதும். இதை விளக்குவதற்குப் போதாது. வியர்த்தவாறே குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறகு தாமே மூடியை அழுத்திப் பூட்டி, கல்லை முன்போல் வைத்து, இனி வரும்போது அயல்வீட்டில் சொல்லிவிட்டு வரும்படி கூறிச் சென்றார்.

இவ்விளையாட்டின் ஒழுக்க விதிகள் பெரும்பாலும் அந்த முதியவர் சொன்ன ஒரு வாக்கியத்துள் அடங்கிவிடுகின்றன என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். எடுத்த இடத்திலேயே, எடுத்தபடியே வைத்தல் வேண்டும். பேழையிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான அல்லது மேலான ஒன்றை வைத்தல் வேண்டும். உணவு, மது, கூரிய ஆயுதம், வெடிபொருள் எவையும் வைத்தலாகாது. விளையாட்டை அறியாதவர் பார்த்திருக்கும்போது பேழையை எடுத்து இடத்தைக் காட்டிக்கொடுத்தலாகாது. ஆனால் எவரேனும் கேட்டால் பொய் சொல்லுதலும் ஆகாது. வழியில் கண்ட குப்பையைப் பொறுக்கிக்கொண்டு திரும்புதல் நன்று. நானும் இங்கே பேழை இருக்கும் இடத்தைச் சொல்லாமல் விடுவது இவ்வொழுக்கம் கருதியே.

அண்ணா திரும்பிப் போன பின்னர், நானே ஒன்றை ஒளித்துவைக்க வேண்டும் என்னும் ஆசை பிறந்தது. முதலில் என் மனம் சென்ற இடங்கள் கடலாதெனியவும் லங்காதிலகவும். 1344 இல், நான்காம் புவனேகபாகுவின் காலத்தில் எழுந்த இவ்விரு விகாரைகளும் பிலிமத்தலாவைக்கு அண்மையில் உள்ளன. கருங்கல்லால் அமைந்த கடலாதெனியவை ஆக்கிய சிற்பி கணேசுவராச்சாரி என்பதும், லங்காதிலகவின் பாறையிலே சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டிருப்பதும் நம்மவர் பலர் நேரிற் சென்று காணாத செய்திகள். அங்கு ஒரு பேழையை வைத்தால் உலகெங்கிலுமிருந்து வருவோர் அந்தத் தமிழெழுத்தையும் பார்த்துப் போவார்களே என்று எண்ணினேன்.

விதிகளை வாசித்தபோது அவ்வெண்ணம் தவறென்று தெளிந்தது. பேழைகள் ஒன்றுக்கொன்று குறைந்தது 161 மீற்றர் இடைவெளியில் இருத்தல் வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைத்தலோ, மரத்தில் ஆணி அறைதலோ, கட்டடத்துக்கு ஊறு செய்தலோ கூடாது. நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும். பள்ளிகள், படைமுகாம்கள், புகையிரதப் பாதைகள் ஆகியவற்றின் அருகே வைத்தலாகாது. தொல்பொருட் சின்னங்களையோ 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் காக்கின்றது. மேலும் ஒரு விகாரையின் வளவிலே அந்நியர் கல்லைப் புரட்டித் திரிவது, வழிபட வருவோருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது. இதற்கும் விளையாட்டிலேயே வழி இருந்தது. முதற்படியில் எதையும் ஒளிக்காமல், விகாரை எழுந்த ஆண்டின் நான்கு இலக்கங்களை மட்டும் தேடுபவர் அறிந்துகொள்ளுமாறு செய்து, அவ்விலக்கங்களால் வேறோர் இடத்திலுள்ள பேழையின் ஆள்கூறுகளைக் கணிக்க விடலாம்.

அவ்வேறிடத்துக்காக என் வீட்டுக்கார அம்மையாரிடம் சென்றேன். தம் வளவின் வெளிமதிலோரத்தில் வைக்க அவர் இசைந்தார், ஆனால், “நீ படித்து முடித்துப் போன பின்னர் இதை யார் பார்ப்பது?” என்று கேட்டார். விதிகளும் அதையே கேட்கின்றன. ஒளித்தவர் அதைப் பேணக்கூடிய தூரத்தில் இருத்தல் வேண்டும். ஈரமான தாளை மாற்றவும் உடைந்த மூடியைத் திருத்தவும் வேண்டும். இல்லையேல் அது வெறுங்குப்பை. உயர்தரம் படிக்கும் அவருடைய பேரன் பொறுப்பேற்க முன்வந்தான். அவன் சிங்களத்திலும் நான் தமிழிலுமாகப் பேழையின் மேல் அது இன்னதென்று எழுதி ஒட்டினோம். தன்னார்வ மதிப்பாய்வாளர் ஒருவர் விவரங்களைச் சரிபார்த்த பின்னரே அது வெளியிடப்பட்டது.

இத்தனையும் செய்துகொண்டிருந்தபோது என் நினைவில் வேறொரு பேழை இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வெளியேறியபோது, என் அப்பம்மா தம் சீதனப் பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கிற் கட்டி வளவிலே புதைத்துவிட்டு வன்னிக்குச் சென்றார். அடையாளம் ஒரு மாதுளைமரமும் கிணற்றுக்கட்டும். பல்லாண்டுகளுக்குப் பின் அப்பா அங்கு சென்றபோது மாதுளையும் இல்லை, கிணறும் தூர்ந்திருந்தது. மூன்று நாள்கள் தோண்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அப்பம்மா தாம் இறக்கும்வரை, ‘மாதுளைக்குக் கிழக்காலை நாலடி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிலிமத்தலாவைக் கடைகளில் தொங்கும் பித்தளைக் குத்துவிளக்குகளைக் காணும்போதெல்லாம் அந்த நாலடி எனக்கு நினைவு வரும்.

தைப்பொங்கல் கழிந்து அப்பா என்னைப் பார்க்க வந்தார். தொலைபேசியை அவர் கையிற் கொடுத்து, அம்புக்குறி காட்டும் வழியே நடக்கச் சொன்னேன். மதிலோரத்தில் நின்றார், பெட்டியைக் கண்டார், தொடவில்லை. “ஆற்றை சாமான் இது?” என்று கேட்டார். “என்ரை தான் அப்பா. ஆரும் எடுக்கலாம்” என்றேன். அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குனிந்து எடுத்தார். பாத்திரம் கழுவியவாறே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மையார், பேனா வேண்டுமா என்று கேட்டார். அப்பா தம் பெயரை எழுதினார். பெயருக்கு முன்னே, வழமைப்படி, ஊரின் பெயரையும் எழுதினார். அது கிளிநொச்சியன்று, 1995 இல் விட்டுவந்த ஊர்.

பின்னர் மூடியை இருமுறை அழுத்திப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.